முதல் ஆயில்

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவளைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. கூப்பிடுவதில் பெரியவர் என்பதைத் தவிர வேறு எதிலும் தான் பெரியவர் இல்லை என்பது பெரிய மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அவர் கார் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். சின்னவருக்குக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் உச்சி மாடியில் வேலை. என்ன வேலை என்று அவரால் இதுவரை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. சம்பளம் மட்டும் விளக்காமலேயே எல்லோருக்கும் புரிந்திருந்தது.

அந்தச் சின்னவர் புது வண்டி வாங்கினார். கருநீலம், நல்ல உயரம், கூரையில் கண்ணாடி ஜன்னல். குடும்பமே ஏறி ஊரைச் சுற்றியது. பெரிய மாப்பிள்ளைக்குப் பின்சீட்டில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. முன்சீட்டில் உட்கார்ந்தது அவர் மனைவி. பாதி வழியில் அவள் திரும்பி, "சத்தமே கேக்கலைங்க! ஓடுதா நிக்குதான்னே தெரியல" என்றாள்.

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. நாலைந்து வண்டிகளின் மிச்சத்தைச் சேர்த்து அவர் கையாலேயே உருவாக்கிய சொந்த வண்டியில், பக்கத்து சீட்டோடு பேசவே கத்த வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளும் கத்தித்தான் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. இவ்வளவு நாள் சொல்லாததை எல்லாம் சேர்த்து இன்றைக்குச் சொல்லிவிட்டாள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எப்பேர்ப்பட்ட வண்டியானாலும் முதல் ஆயிலை மாற்றத் தன்னிடம்தானே வர வேண்டும்! புது இன்ஜினில் இரும்போடு இரும்பு உரசிப் பொடி உதிரும், அந்தப் பொடி முதல் ஆயிலில்தான் கிடக்கும், கம்பெனி புத்தகம் சொல்கிறதே என்று ஒரு வருஷம் அதையே வைத்து ஓட்டக் கூடாது என்பது அவர் கட்சி. புது வண்டியோடு யார் வந்தாலும் பிடித்து நிறுத்தி, "கொழந்த பொறந்தா ஒரு வருஷம் குளிப்பாட்டாமயா வெச்சிருப்பீங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மசியாத ஆளே கிடையாது. சின்னவர் வண்டிக்கு என்ன ஆயில் என்று விசாரித்து, ஒரு கேன் வாங்கித் தன் வண்டி டிக்கியில் வைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சின்னவர் கேட்கவும் செய்தார். மாமனார் வீட்டு மாடிப்படியில் வைத்து, "அண்ணே, புது வண்டிக்குச் சீக்கிரமே ஆயில் மாத்தணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. மாத்திடலாமா?" என்றார்.

"ஞாயித்துக்கெழம கொண்டாங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் கேட்கும்போது சின்னவர் வண்டிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். அது பெரியவர் கண்ணை உறுத்தியது. "கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உங்க ஆபீஸ்காரனுக்குத் தெரிஞ்சிடுச்சா? புக்குல போட்டிருக்கறபடி செய்ங்க சகலை" என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கேட்கட்டும், கொஞ்சம் கெஞ்சட்டும், அப்புறம் இறங்கி வரலாம் என்பது கணக்கு. சின்னவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. நேராக டைக்காரனிடம் போனார்.

டைக்காரனும் ஒரு காலத்தில் அதே தகரக் கூரைக்குக் கீழே பெரிய மாப்பிள்ளையோடு பங்குக்கு வேலை பார்த்தவன்தான். பிரிந்து போய் மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின் எல்லாம் வைத்துக் கடை போட்டான். கழுத்தில் டை ஏறியது. டை ஏறிய பிறகு அவன் வண்டிக்கு அடியில் படுத்ததாகத் தகவல் இல்லை. படுப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. சோபாவில் காபிக் கோப்பையோடு சின்னவர், பக்கத்தில் டைக்காரன், பின்னால் லிப்டில் தூக்கி நிறுத்திய கருநீல வண்டி. கீழே ஒரு வரி: "கொழந்தைய குளிப்பாட்டியாச்சு!"

"நீங்க எப்பவும் சொல்றதையே அவரும் சொல்றாரே" என்றாள் மனைவி.

பெரிய மாப்பிள்ளை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டி போனது போகட்டும், வசனமுமா? சகலைக்கு அதைச் சொல்லிக்கொடுத்த டைக்காரன், அந்த வசனத்தை எங்கே நின்று காதில் வாங்கினான் என்பதுகூட இவருக்கு நினைவிருந்தது.

அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சின்னவர் தன் குடும்பத்தோடு மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் நெடுஞ்சாலையில் வெகுதூரம் போவதாக ஏற்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் ஏதோ எடுக்கப் பெரியவர் கீழே பார்க்கிங்குக்கு வந்தார். கருநீல வண்டிக்கு அடியில் தரையில் ஒரு பொட்டு ஈரம் தெரிந்தது. குனிந்தார். குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தார், மறைப்பானேன். தொட்டு, இரண்டு விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். புது ஆயில்.

செல்போன் வெளிச்சத்தை அடியில் அடித்தார். ஆயில் பில்டரின் விளிம்பு நனைந்திருந்தது. அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தன. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டைக்காரன் ஆள் அதைப் பார்க்காமல் புது பில்டரை அதன் மேலேயே முறுக்கிவிட்டான். விரல் வைத்துத் தடவிப் பார்க்காதவன் செய்கிற வேலை.

பெரிய மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிக்கினான் டைக்காரன்! சிக்கினார் சகலை! அந்தச் சந்தோஷம் மாடிப்படியில் பாதி வரைக்கும் கூட வந்தது. அங்கேதான் மிச்சமும் தோன்றியது. ஊருக்குள் ஓட்டும்வரை சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் வளையம் பிதுங்கிவிடும், ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டிவிடும், ஓடுகிற ஓட்டத்திலேயே இன்ஜின் இறுகிப்போகும். பின்னால் லாரி வரும். உள்ளே மாமியார், கொழுந்தியாள், பெரியப்பா பெரியப்பா என்று காலைச் சுற்றும் இரண்டு பிள்ளைகள். அவர் வேகமாக ஏறினார்.

சொன்ன விதத்தில்தான் கெடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், "என்ன சகலை, உங்க டைக்காரரு கைவரிசையப் பாத்தேன். ஆயில் ஒழுகுது" என்றார். அக்கறை தொண்டைவரை வந்திருந்தது. நக்கல் அதை முந்திக்கொண்டது.

"அது ஏசி தண்ணிண்ணே. எல்லா வண்டியிலயும் சொட்டும்" என்றார் சின்னவர்.

"தண்ணிக்கும் ஆயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? இந்த வண்டிய இன்னைக்கு எடுக்கக் கூடாது."

கொழுந்தியாள் கரண்டியை வைத்தாள். "மாமா, வண்டி வாங்கின நாள்லேர்ந்து நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லிட்டேதான் இருக்கீங்க. கலர்ல தூசி தெரியும்னீங்க. மேல கண்ணாடி வெச்சா மழை ஒழுகும்னீங்க. இப்ப ஆயில் ஒழுகுதுங்கறீங்க."

எல்லாம் அவர் சொன்னதுதான். ஒன்றையும் மறுக்க முடியாது. அதற்குள் சின்ன வாண்டு, "அம்மா, பெரியப்பாவுக்கு வயித்தெரிச்சல்னு நீ சொன்னியே, அது இன்னும் சரியாவலையா?" என்று கேட்டுவைத்தது.

"கெளம்புற நேரத்துல எதுக்கு மாப்பிள்ளை இந்தப் பேச்சு" என்று மாமியார் மெதுவாகச் சொன்னார். பெரிய மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மனைவி பின்னாலேயே வந்தாள். "நெசமாவே ஆயிலா?"

அவர் விரலை நீட்டினார். அவள் மோந்து பார்த்தாள். அவர் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அந்த வாசனையில் அவள் கரை கண்டவள்.

"நீங்க தலைகீழா நின்னாலும் நம்ப மாட்டாங்க" என்றாள்.

"அதுக்கு? சும்மா அனுப்பிட முடியுமா?"

"சொன்னாத்தானே நம்பணும்? சொல்லாம செஞ்சுட்டுப் போங்க."

சாப்பிட்ட அலுப்பில் வீடே கண்ணயர்ந்த நேரம். பிள்ளைகளுக்குத் தலையணை வைத்துவிட்டு வருகிறேன் என்று தங்கையிடம் சாவியை வாங்கிக்கொண்டு அவள் கீழே வந்தாள். தலையணையைப் பின்சீட்டில் போட்டுவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் காவல் நின்றாள். பெரிய மாப்பிள்ளை பழைய பேப்பரை விரித்து, கருநீல வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

அந்த வண்டியில் அவர் கை வைப்பது அதுதான் முதல் தடவை. ஒரு போல்ட்டில் துரு இல்லை, ஒரு குழாயில் கீறல் இல்லை. அவர் ஆயுசில் இவ்வளவு சுத்தமான அடிவயிற்றைப் பார்த்ததில்லை. எரிச்சலை மறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தார். இது என்னிடம் வந்திருக்க வேண்டிய வண்டி என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. அது வெறும் பொறாமைதான், வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தார். பில்டரைக் கழற்றினார். வழிந்த ஆயில் முழங்கைவரை இறங்கியது. ஒட்டியிருந்த பழைய வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார், அது ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்தார், விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். புது வளையத்தில் சொட்டு ஆயில் தொட்டு, பில்டரைக் கையாலேயே முறுக்கினார். குறைந்த ஆயிலுக்குத் தன் வண்டி டிக்கியைத் திறந்து, இத்தனை நாள் காத்துக் கிடந்த கேனை எடுத்து ஊற்றினார். மனைவி உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டாள். அவர் அடியில் கிடந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. தரையையும் துடைத்துவிட்டார்.

சாயங்காலம் எல்லோரும் பெட்டியோடு இறங்கினார்கள். சின்னவர் முதல் வேலையாகக் குனிந்து தரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களாண்ணே? காஞ்சே போச்சு. ஆயிலா இருந்தா காயுமா?"

பெரியவர் சட்டைப் பைக்குள் அந்த ரப்பர் வளையம் இருந்தது. எடுத்து நீட்டினால் டைக்காரன் மானம் கப்பலேறும். கை பைவரை போனது. ஆனால் நீட்டினால் அடுத்த கேள்வி என்ன? யாருக்கும் தெரியாமல் வண்டிக்கு அடியில் உங்களுக்கு என்ன வேலை? சாவி எப்படி வந்தது? நீங்களே கழற்றிவிட்டு நீங்களே காட்டுகிறீர்களா? வயிற்றெரிச்சல்காரன் கையில் இருக்கும் சாட்சி அவனுக்கு எதிராகத்தான் பேசும். தவிர, தலையணைச் சாக்கில் சாவி வாங்கித் தந்த மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கை திரும்பி வந்துவிட்டது.

"ஆமா சகலை," என்றார். "தண்ணிதான்."

சின்னவர் பெருந்தன்மையோடு அவர் தோளைத் தட்டினார். "விடுங்கண்ணே. அடுத்த தடவ உங்களையும் அவர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வேலைய எப்படிச் செய்றாங்கன்னு பாக்கலாம். காபியும் நல்லா இருக்கும்."

அதையும் மென்று முழுங்கினார். பிள்ளைகள் டாட்டா காட்டின. கருநீல வண்டி வழுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் வண்டியில் ஏறினார்கள். சாவியைத் திருப்பியதும் அது பார்க்கிங்கே அதிரும்படி உறுமியது. அவள் வாசல் கேட் பக்கம் பார்த்தபடி என்னவோ சொன்னாள்.

"என்னது?" என்று கத்தினார்.

அவள் அவருடைய முழங்கையில் மிச்சமிருந்த ஆயிலை முந்தானையால் துடைத்தாள். பிறகு காதுக்குப் பக்கத்தில் வந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சத்தமே கேக்கலைன்னேன்! நீங்க கை வெச்ச அந்த வண்டியில!"