ஆளுக்கு ஒரு பெயர்

கப்பல் துருக்கியின் குஷாதாசித் துறைமுகத்துக்குள் போகாது என்று காலை உணவு நேரத்தில் கேப்டன் அறிவித்தார். காற்று அதிகம். வருந்துகிறோம். அதற்குப் பதிலாக மாலையில் கூடுதலாக ஒரு பிங்கோ ஆட்டம் உண்டு.

எங்கள் மேசைகளில் சத்தம் நின்றுபோனது. அயர்லாந்தின் மேயோவிலிருந்து எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் இருபது பேர் வந்திருந்தோம். ரோமைப் பார்த்தாயிற்று. மால்டாவைப் பார்த்தாயிற்று. ஏதென்ஸில் வெயிலில் வெந்தாயிற்று. ஆனால் எல்லோரும் கிளம்பி வந்தது அந்தத் துறைமுகத்துக்கு அருகே எபேசு மலைமேல், மாதா கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லும் வீட்டில் பூசை காண்பதற்குத்தான்.

அட்ராக்டா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எங்கள் ஊர்த் தபால் நிலையத்தை முப்பது வருடம் நடத்தியவர். இந்தப் பயணத்தையும் அவர்தான் நடத்தினார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் மாலக்கி. அவர் எழுபதைத் தாண்டிய விவசாயி. கல்யாணம் செய்துகொள்ளாதவர்.

"கேப்டன்கிட்ட. இதெல்லாம் ஒரு காத்தா? நம்ம ஊர்ல இந்தக் காத்துல துணி காயப்போடுவோம். புனித பவுல் இதவிட மோசமான காத்துல கப்பல் ஏறினாரு."

"அவரு கப்பல் உடைஞ்சுபோச்சு அட்ராக்டா. மால்டாவுல அந்த எடத்தப் பாத்துட்டு ஐஸ்கிரீமும் தின்னுட்டுத்தான வந்த?"

"உடைஞ்சா என்ன? ஒருத்தராவது செத்தாங்களா?"

போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"கேப்டன் வெளிய வர மாட்டாராம். ஒரு பொண்ணு நின்னா. மசாஜுக்கு இலவசக் கூப்பன் குடுத்தா."

"வாங்கலையே?"

"வாங்கிட்டேன். அது வேற விஷயம்."

சிலர் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு அந்த மலையில் ஒரு வேலை இருந்தது. அன்றோடு என் மனைவி இறந்து ஒரு வருடம். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. அவளுடைய அம்மா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்ததால் வர முடியவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாதா வீட்டுப் பூசையில அவ பேர நீ சொல்லணும் லோர்கன். ஃபாதர் இல்ல. நீ." சரி என்றேன்.

சரி என்பது சுலபம். ஒரு வருடமாக நான் அவள் பெயரைச் சொன்னதில்லை. 'என் மனைவி' என்பேன். 'அவள்' என்பேன். வங்கியில் கேட்டால் இறப்புச் சான்றிதழை நீட்டுவேன். யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெரிய சோகமும் இல்லை. அழவில்லை. ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. மாவட்டத்துப் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளன் நான். விரிசல் இருந்தால் எழுதுவேன், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவேன். பெயரைச் சொன்னால் உடைந்துவிடுவேன் என்ற பயமில்லை. சொல்லியும் ஒன்றும் ஆகாமல் போய்விடுமோ என்பதுதான் பயம்.

அதனால் கப்பல் போகாது என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதி அதிக நேரம் நிற்கவில்லை. ஃபாதர் ஜார்லத் கையில் ஒரு சாவியோடு வந்தார். பெரிய உருவம். கப்பல் ஆடும்போதெல்லாம் சுவரை மன்னிப்புக் கேட்பது போலத் தொட்டுக்கொண்டு நடப்பார்.

"மாதா வீட்டுக்கு நாம போக முடியாது. அதனால பூசைய இங்கயே வச்சுக்கலாம். கீழ் மாடி நடன அறைய நாலு மணிலேர்ந்து நாலரை வரைக்கும் குடுத்திருக்காங்க. நாலரைக்கு பிங்கோ. அதனால ஆளுக்கு ஒரு பேரு. ஒண்ணே ஒண்ணு."

எங்கள் பங்கில் அது ஒரு வழக்கம். மன்றாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்வார்கள். இறந்தவர்களின் மாதமான நவம்பரில் இது முடியவே முடியாது.

"மாலக்கி, உங்களத்தான் சொல்றேன்," என்றார் ஃபாதர்.

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணா, ஒரு ஆளுக்கு ஒண்ணா ஃபாதர்?"

"ஆளுக்கு."

"அப்ப எங்கப்பாவுக்கும் எங்கம்மாவுக்கும் மோட்சத்துல ஒரு சண்டைய மூட்டி விடறீங்க."

மாலக்கி யார் பெயரைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். என் மனைவி இருந்தபோதே அவளுக்கென்று பதிவு செய்திருந்த கட்டிலில் அட்ராக்டா அவரைப் போட்டிருந்தார். "ரெண்டு கட்டில வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?" என்று என்னிடம் கேட்டார். பதில் இல்லை என்பதால் மாலக்கி வந்தார். தினமும் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துத் தன் தம்பி ஃபெஸ்டஸுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வார். ஃபெஸ்டஸ் லண்டனில் சுரங்கம் தோண்டப் போனவர். ஊருக்குத் திரும்பவில்லை. புதைத்த இடமும் தெரியாது.

அட்ராக்டாவுடையதும் தெரியும். மால்டாவில், வாலெட்டாக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார். முதல் பிள்ளை. ஜெரார்ட். ஒரு மத்தியானம் மட்டும் உயிரோடு இருந்தான். "அந்தக் காலத்துல யாரும் பேச மாட்டாங்க. எனக்கும் பேசத் தெரியல. மாதா வீட்ல சொல்லிடலாம்னு வச்சிருக்கேன். அவங்களுக்கும் ஒரு பையன் போனான் இல்ல?"

நடன அறைக்கு நாங்கள் போனபோது அட்ராக்டா ஏற்கெனவே வேலையில் இருந்தார். மதுப் புட்டிகள் வரிசையாக நின்ற அலமாரியை நீச்சல் துண்டுகளால் மூடியிருந்தார். பிங்கோ மேசைதான் பீடம். எண் பந்துகள் இருந்த கூண்டைத் தூக்கி ஓரமாக வைத்து அதன்மேலும் ஒரு துண்டு போட்டார். அறைக்குப் பொறுப்பாளர் ஜோயல் என்ற பிலிப்பைன்ஸ்காரர். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த கண்ணாடி உருண்டையை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

"இருக்கட்டும்," என்றார் ஃபாதர். "வாட்டிகன்ல இதவிட ஜிகினாவா இருந்துச்சு."

பூசை தொடங்கியது. சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளிகள் ஓடின. நான் கடைசி நாற்காலியில், கதவோரம் உட்கார்ந்தேன். மன்றாட்டு வந்தது. ஃபாதர் தலையசைத்ததும் முதலில் அட்ராக்டா எழுந்தார். ஜெரார்ட் என்பார் என்று காத்திருந்தேன்.

"நெஸ்ஸா லாஃப்டஸ்," என்றார். உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள் எல்லோரும்.

எனக்குப் புரியவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெயர். அதை என் மனைவிக்குச் செலவழித்துவிட்டார்.

அடுத்தது மாலக்கி. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அட்ராக்டாவை முறைத்தார். "நானும் அதத்தான் சொல்ல இருந்தேன். நெஸ்ஸா லாஃப்டஸ்."

பிறகு பக்கத்தில் இருந்த கான்செப்டா எழுந்தார். அவர் கணவர். அவர்களுக்குப் பின்னால் இருந்த சகோதரிகள். நெஸ்ஸா லாஃப்டஸ். நெஸ்ஸா லாஃப்டஸ். ஐந்தாவது ஆளுக்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. இந்தப் பையனால் சொல்ல முடியாது, நாம் சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவரிடம் சொல்லாமல், முடிவு செய்திருந்தார்கள். ஒரு வருடமாகக் கவனித்திருக்கிறார்கள். இப்போது யாராலும் பின்வாங்க முடியவில்லை. நடுவில் ஒருவர் வேறு பெயர் சொன்னால் அது என்னை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும். ஒருவர் எழுந்து வாயைத் திறந்து, கொஞ்சம் யோசித்து, பெருமூச்சு விட்டு, அவள் பெயரையே சொன்னார். கடைசியில் ஃபாதரும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சொன்னார். ஈஸ்டருக்கு முன்னால் அவருடைய அக்கா யூனா இறந்திருந்தார். அவரை வளர்த்த அக்கா.

என் முறை வந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எழ வேண்டியதில்லை என்று அர்த்தம்.

எழுந்தேன்.

"ஃபெஸ்டஸ்," என்றேன்.

மாலக்கியின் தலை திரும்பியது.

"ஜெரார்ட். யூனா."

யாரும் பதில் மன்றாட்டு சொல்லவில்லை. மறந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த பெயர்கள் தீர்ந்துபோயின.

"கான்செப்டா, உங்கம்மா பேரு என்ன?"

"ப்ரைடி," என்றார் கான்செப்டா.

"ப்ரைடி," என்றேன். அவர் கணவரிடம் கேட்டேன். சகோதரிகளிடம் கேட்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். கதவுக்கு வெளியே பிங்கோக்காரர்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தில் மணியைக் காட்டினார். ஜோயல் அவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"உங்களுக்கு யாராவது இருக்காங்களா?" என்று அவரையும் கேட்டேன்.

கொஞ்சம் திகைத்தார். "ரோசாலிண்டா. என் மாமியார்."

"ரோசாலிண்டா."

"டேய் லோர்கன்," என்றார் மாலக்கி கீழ்க்குரலில். "எங்கப்பாவையும் சேத்துக்கோடா. பீட்டர்."

"ஆளுக்கு ஒண்ணு மாலக்கி," என்றார் அட்ராக்டா.

"அது என் கணக்கு இல்ல. அவன் கணக்கு."

"பீட்டர்," என்றேன். உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. எல்லோரும் சொன்ன அந்தப் பெயரில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பாலத்தின் அடியில் விரிசல் கண்ணில் பட்ட பிறகு எழுதாமல் போக முடியாது.

"ஒரு திருத்தம் ஃபாதர். நீங்க எல்லாரும் தப்பா சொன்னீங்க."

"எத?"

"அவ லாஃப்டஸ் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறமும் பேர மாத்திக்கல. அது என் பேரு. அவ நெஸ்ஸா ருவேன்."

சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அடக்கப் பூசையிலயும் நான் லாஃப்டஸ்னுதான சொன்னேன்?"

"ஆமா ஃபாதர்."

"முப்பதாம் நாள் பூசையிலயும்?"

"ஆமா."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லணும்னா அவ பேர சொல்ல வேண்டியிருக்குமே ஃபாதர்."

"கடவுளுக்குத் தெரியும் யாருன்னு," என்றார் ஃபாதர் தளர்வாக.

"அவருக்குத் தெரியும்," என்றார் அட்ராக்டா. "அவளுக்குக் கோபம் வந்திருக்கும். இருங்க, இருங்க. 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை'ன்னு எழுதி, நெஸ்ஸா லாஃப்டஸ்னு வந்த கடிதத்தையெல்லாம் திருப்பிப் போட்டது அவதானா? நான் ஏதோ தப்புன்னு நெனச்சு மறுபடி மறுபடி உங்க வீட்டுக்கே அனுப்பினேனே!"

"ஆமா. மின்சார பில்லு ஒண்ணு நாலு தடவ வந்துச்சு. அட்ராக்டாவுக்கு எதிரா கோர்ட்டுக்குப் போகப்போறேன்னு நெஸ்ஸா கத்துவா."

முதலில் சிரித்தது மாலக்கி. பிறகு எல்லோரும். கான்செப்டா அழுதுகொண்டே சிரித்தார். ஃபாதர் பீடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. சரியான சிரிப்பு என்று சொல்ல முடியாது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"நெஸ்ஸா ருவேன்," என்றார் ஃபாதர், திருத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. "மத்த எல்லாருக்காகவும்."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றோம்.

மீதிப் பூசை வேகமாக முடிந்தது. கிண்ணம் நழுவாமல் இருக்க ஃபாதர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நற்கருணை அப்பம் வாங்கும்போது அட்ராக்டா வரிசையில் என் முன்னால் நின்றார். திரும்பாமல், பின்னால் கைநீட்டி என் சட்டைக் கையைப் பிடித்தார். வரிசை நகரும்வரை விடவில்லை. கதவு திறந்ததும் பிங்கோக்காரர்கள் பொறுமையாக எங்களுக்கு வழிவிட்டார்கள். மணி காட்டிய அம்மாள் என்னிடம், "மன்னிச்சுக்கோங்க, தெரியாது," என்றார். பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே பரவாயில்லை.

மேல்தளத்தில் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் மலைகள் தெரிந்தன. அவற்றில் எது மாதா வீடு இருக்கும் மலை என்று மாலக்கிக்கும் அட்ராக்டாவுக்கும் தகராறு. உணவறையிலிருந்து வறுத்த மீன் வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. ஒரு வருடமாகக் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டவனுக்குப் பசி என்னவென்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டு தட்டு மீன், உருளைக்கிழங்கு, ரொட்டி. மாலக்கி எதிரே உட்கார்ந்து பார்த்தார்.

"மெதுவாடா. யாரும் பிடுங்க மாட்டாங்க."

"நெஸ்ஸாவும் இப்படித்தான் சொல்லுவா," என்றேன், வாய் நிறைய.

அட்ராக்டா ஊரிலிருந்து கொண்டுவந்த டீத்தூள் பைகளைக் கோப்பைகளில் போட்டு வெந்நீர் ஊற்றினார். எனக்கு முன்னால் ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு, முழங்கைகளை மேசைமேல் ஊன்றி உட்கார்ந்தார்.

"வேற என்ன சொல்லுவா?" என்றார்.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன்.