முக்கால் இஞ்சு மழை

தன் புருஷனுக்குக் கண் சரியில்லை என்பது மாரித்தாய்க்கு ஒரு தேயிலைக் குச்சியால்தான் தெரிந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கையாவின் கம்பளிக் கோட்டை உதற எடுத்தபோது அது பைக்குள் இருந்தது. சாண் நீளக் குச்சி. தோலைச் சீவி வழவழப்பாக்கியிருந்தான். அடியிலிருந்து நுனிவரை கத்தியால் பொடிப்பொடியாகக் கீறல்கள், ஐந்துக்கு ஒன்று ஆழமாக. ஏதோ விளையாட்டுக்குச் செதுக்கியிருக்கிறான் என்று நினைத்துத் திருப்பிப் பைக்குள்ளேயே போட்டாள். மறுநாள் காலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவள், தேயிலை நிரையிலிருந்து தலையை நிமிர்த்தி மேட்டைப் பார்த்தாள்.

தேவிகுளத்துக்கு மேலே அவர்கள் வேலை பார்த்த எஸ்டேட்டின் மேல் டிவிசனில், ஆபீசுக்குப் பக்கத்துப் புல்மேட்டில் கம்பி வேலிக்குள் அந்தச் செப்புக் குழாய் பாதி மண்ணில் புதைந்து நின்றது. தலையில் ஒரு புனல், உள்ளே ஒரு போத்தல். லயத்துக் குடியிருப்பு ஜனங்கள் அதை மழைச்செம்பு என்றார்கள். மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு துரை கொண்டுவந்து நட்டது. மேலே எவ்வளவு பெய்தது என்று காலையிலேயே தெரிந்துவிட்டால், கீழே ஆற்றோரத்து லயத்தில் இருப்பவர்களை நேரத்தோடு கிளப்பிவிடலாம். அந்த வெள்ளத்தில் யாரும் அப்படிச் சொல்ல இருக்கவில்லை.

வெள்ளத்தில் சங்கையாவின் வலது கால் முறிந்து, கோணலாகக் கூடியது. கவாத்து வெட்டுகிறவனுக்குச் சரிவில் நிற்கக் கால் வேண்டும். அதனால் அவனை ஆபீசில் போட்டார்கள். கூட்டுவது, தபால் தூக்குவது, எட்டு மணிக்கு மழை அளப்பது. ஏழு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. புனலைத் தூக்கி, போத்தலை எடுத்து, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றுவான். குவளை நிறைந்தால் அரை இஞ்சு, அதாவது ஐம்பது சென்டு. மிச்சத்தைக் கோட்டில் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் கணக்கரான ரைட்டரிடம் சொல்வான். ரைட்டர் புத்தகத்தில் எழுதிவிட்டு டெலிபோனில் கீழே கத்துவார்.

அன்று அவன் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கவில்லை. பையிலிருந்து குச்சியை எடுத்துத் தண்ணீரில் நட்டான். வெளியே எடுத்துக் கீழுதட்டில் வைத்து நுனியிலிருந்து மெல்ல நகர்த்தினான். ஈரம் பட்ட இடத்தில் நிறுத்தி, கட்டைவிரல் நகத்தால் கீறல்களை எண்ணினான்.

மாரித்தாய்க்கு முதலில் வந்தது இரக்கமல்ல, கோபம். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இதைச் சொல்லாமல் ஒரு குச்சியிடம் சொல்லியிருக்கிறானே என்ற கோபம். அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அரிசியில் கல் பொறுக்குவதை அவன் விட்டிருந்தான். வாசலில் வருகிறவர்களை அவர்கள் பேசும்வரை பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காததைத்தான் இந்தக் கோபம் மூடி மறைக்கிறது என்று தோன்றியதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கேட்டுவிடலாம் என்று நாலைந்து தடவை வாயெடுத்தாள். ஆனால் கால் முறிந்த வருஷம் அவன் சொன்னது குறுக்கே நின்றது. "இந்த நம்பரு வேலையும் போச்சுன்னா நான் ஊரைப் பாத்துப் போயிருவேன் மாரி. ஒன் கூடையில உக்காந்து திங்க மாட்டேன்." சொன்னால் செய்கிறவன். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் அவனுக்கென்று ஓலைக் கூரைகூடக் கிடையாது. இருந்தும் போவான்.

ஆகவே அவள் கேட்கவில்லை. எண் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைக் கொட்டகையில் பார்த்துக்கொள்ளும் செபமாலையம்மாளுக்கு எழுத்து தெரியும். தரையில் கரியால் எழுதிக் காட்டினாள்.

"எதுக்குளா ஒனக்கு இங்கிலீஸ் நம்பரு? தொரைக்குக் கடுதாசி போடப் போறியா?"

"ஆமாக்கா. ஒரு நாளைக்கு நீரு வந்து கொழுந்து கிள்ளும், நான் குதிரையில வாரேன்னு எழுதப் போறேன்."

"எழுது, எழுது. அப்படியே எனக்கும் ஒரு குதிரை கேளு."

அதற்கு மேல் செபமாலையம்மாள் கேட்கவில்லை. பதினைந்து நாளில் மாரித்தாய்க்கு ஐம்பது வரை வந்துவிட்டது.

பிறகு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அவள் மேட்டில் ஏறத் தொடங்கினாள். போத்தலைத் தூக்கி, வேலிக்குள் கவிழ்த்து வைத்திருக்கும் குவளையில் ஊற்றிப் பார்ப்பாள். ஒரு சொட்டு சிந்தாமல் திருப்பி ஊற்றிவைத்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் தற்செயலாகக் கேட்பதுபோல் கேட்பாள். "இன்னைக்கு எவ்வளவுங்க?" அவன் சொல்வான். அவள் பார்த்ததற்கும் அவன் சொல்வதற்கும் ஒரு சென்டு, மிஞ்சினால் இரண்டு சென்டு குறையும். உதட்டால் அளக்கிறவனுக்கு அவ்வளவு தவறுவது தவறா என்று அவளே அவனுக்காக வாதாடிக்கொள்வாள். அந்த இரண்டு சென்டை தினமும் மனதுக்குள் மன்னித்துவிடுவாள். மன்னிக்கிறபோது ஏனோ நெஞ்சு இளகி, இரவில் சோறு ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

இப்படியே மூன்றரை மாதம் போனது. ஆயுதபூஜை வந்தது.

அன்று எஸ்டேட்டில் சந்தனம் படாத பொருள் கிடையாது. கவாத்துக் கத்தி, தராசு, ஆபீஸ் மணி, ரைட்டரின் பேனா, டெலிபோன் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. மழைச்செம்புக்கு வருஷா வருஷம் சங்கையாதான் வைப்பான். வெளிப்பக்கம் ஒரு பொட்டு, அடியில் புல்மேல் ஒரு பூ, அவ்வளவுதான்.

"இந்த வருசம் நான் வைக்கேனே," என்றாள் மாரித்தாய்.

அவன் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தான். அவளுக்கு அடியில் வைக்க மனம் வரவில்லை. அவன் முகம் தினமும் குனிகிற இடம் புனலின் வாய்தானே. உள்விளிம்பில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் செவ்வந்தியைப் பதித்தாள். அவர் கண்ணை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செம்பிடம் சொன்னாள். சாமியிடம் சொல்வதைவிட அது அவளுக்குப் பொருத்தமாகப் பட்டது.

நாலு மணிக்கு வானம் இடிந்து விழுந்ததுபோல் மழை பிடித்தது. விளக்கு வைத்த பிறகும் விடவில்லை. ஓடைமேல் போட்டிருந்த பலகைப் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. லயத்து வாசலெல்லாம் சேறு. அதை வழித்துத் தள்ளுவதிலேயே விடிந்துவிட்டதால், மறுநாள் காலை மட்டும் அவளால் முந்திக்கொண்டு மேட்டுக்குப் போக முடியவில்லை.

எட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். நிரையில் நின்றவள் காதில் ரைட்டர் பெரியமுத்துவின் குரல் விழுந்தது. குடையை ஊன்றி, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சங்கையாவை முன்னால் விட்டு மேடேறி வந்துகொண்டிருந்தார்.

"முக்கால் இஞ்சாம்ல! என்ன வேய் சங்கையா, என் வீட்டு ஆட்டுக்கல்லு நெறஞ்சு வழியுது. கீழ் டிவிசன்ல நாலு இஞ்சுங்கான். ஒம்ம செம்புக்கு மட்டும் மேகம் கொடை பிடிச்சுதாக்கும்?"

"போத்தல்ல இருந்ததத்தான் சொன்னேன், ரைட்டரையா."

"அதத்தான் பாக்க வாரேன். நல்ல வேளை, இத நான் கீழ சொல்லலை. சொல்லியிருந்தா அவன் என்னைய நாட்டு வைத்தியன்கிட்டக் கூட்டிட்டுப் போவான்."

மாரித்தாய் கூடையோடு மேட்டில் ஏறினாள். பின்னால் கங்காணி கத்தியது கேட்டது, நிற்கவில்லை.

சங்கையா வேலியைப் பிடித்து நின்றான். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது. கட்டைவிரல் உள்ளே குச்சியைத் தடவிக்கொண்டிருப்பது துணிக்கு மேல் தெரிந்தது. நேற்றைய மழையைக் காதால் கேட்டவன். நாலு இஞ்சு இருக்கும் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் போத்தல் சொன்னதைத்தான் போய்ச் சொல்லியிருக்கிறான். இப்போது தன் உதடும் போய்விட்டதா என்று நினைக்கிறான். அவள் அதை அவன் தாடையின் அசைவிலேயே படித்தாள்.

அப்போதுதான் புல்லில் வைத்திருந்த புனலுக்குள் அவள் பார்வை விழுந்தது. சந்தனம் கரைந்து, செவ்வந்தி நழுவி, புனலின் துளையில் அடைத்துக்கொண்டு கிடந்தது. மழை புனலுக்குள் விழுந்து, நிறைந்து, வெளியே வழிந்திருக்கிறது. கசிந்தது மட்டும், விடியும்வரை சொட்டுச் சொட்டாக, போத்தலுக்குள்.

பேசாமல் நின்றால் அவன் அளந்தது தப்பு என்பார்கள். பேசினாலோ வேறொன்று கேட்பார்கள். அது தெரிந்தும் அவள் வாய் முந்திக்கொண்டது.

"என் தப்புங்கய்யா. பூவை நாந்தான் வச்சேன்."

ரைட்டர் இரண்டு விரலால் செவ்வந்தியை எடுத்துத் தூக்கிப் பிடித்து வாய்விட்டுச் சிரித்தார். "மழைக்கே அடைப்பு வச்சிட்டியே தாயி!" சிரிப்பு பாதியில் நின்றது. பூவையும் சங்கையாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சங்கையா, இத்தாம் பெரிய மஞ்சப் பூ. பொனலத் தூக்கையில ஒம்ம கண்ணுல படலையா வேய்?"

"காத்துல இப்பத்தான் உள்ள விழுந்து..." என்று ஆரம்பித்தாள் மாரித்தாய்.

"சும்மா இரு மாரி," என்றான் சங்கையா. குரல் உயரவில்லை. "படலை, ரைட்டரையா. ஆனி பொறந்ததுல இருந்தே சரியாப் படலை."

பையிலிருந்து குச்சியை எடுத்து நீட்டினான். பெரியமுத்து அதை வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"இந்தக் குச்சி சொன்னதையா நாலு மாசமா நான் போன்ல தொண்ட கிழியக் கத்துனேன்?"

அவர் என்ன நினைத்தாரோ, போத்தலில் இருந்து கொஞ்சம் தண்ணீரைக் குவளையில் ஊற்றிச் சங்கையாவிடம் கொடுத்தார். சங்கையா குச்சியை நட்டான், உதட்டில் வைத்தான், எண்ணினான்.

"முப்பத்தேழு."

ரைட்டர் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். "முப்பத்தேழுதான்."

பக்கத்தில் நின்ற மாரித்தாய்க்கு முப்பத்தெட்டு என்று பட்டது. ரைட்டரும் ஒரு சென்டை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நன்றியில் கண் நிறைந்தது.

"நேத்தைய கட்டத்துல நம்பர் எழுத முடியாது," என்றார் அவர், பேனாவைத் திறந்தபடி. "பூ அடைச்சதுன்னு எழுதணும். அத இங்கிலீஸ்ல எழுதி, தொரை படிச்சு... சரி, என் பாடு. ஆனா இன்னொரு பூவோ எலையோ விழுந்தா குச்சிக்கு எப்படித் தெரியும்? கீழ ஆத்தோரத்துல ஆளுக இருக்கு வேய்."

"தெரியாது," என்றான் சங்கையா. "அதான் நானே சொல்லிட்டேன்."

"எனக்கு நம்பர் தெரியும்," என்றாள் மாரித்தாய். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது. "ஐம்பது வரைக்கும். கூட நின்னு நான் பாக்கேன்."

பெரியமுத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். புத்தகத்தை விரித்துக் கட்டங்களின் தலைப்பை விரலால் தடவினார். "தேதி இருக்கு, நேரம் இருக்கு, அளவு இருக்கு. யாரு கண்ணுன்னு எழுத இதுல எடம் இல்ல. இருங்க, தொரைகிட்டக் கேட்டுட்டு வாரேன்."

அவர் இறங்கிப் போனதும் இருவரும் வேலியின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள்.

"நம்பர் எதுக்குப் படிச்சேன்னு கேக்கலையே," என்றாள்.

"போத்தலோட வெளிப்பக்கம் தெனமும் நனஞ்சிருக்கும். கொழுந்துக் கறை வாசம் வேற. வேற யாரு வருவா?" குச்சியைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நீ கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கல."

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாயங்காலம் பதில் வந்தது. துரைக்கு வேண்டியது எட்டு மணிக்கு நம்பர்; யார் கண் என்பதல்ல. இனி மேட்டை ஒட்டிய நிரையை மாரித்தாய்க்குக் கொடுக்கும்படி கங்காணியிடம் சொல்லியாயிற்று.

மறுநாள் தூறல்தான். சங்கையா புனலைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினான். அவள் துளைவரை பார்த்து, "சுத்தமா இருக்கு," என்றாள். அவன் குவளையில் ஊற்றினான். பழக்கத்தில் குச்சியை எடுத்து உதட்டில் வைத்தான்.

"பன்னெண்டு."

அவள் குவளையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "பதிமூணுங்க."

"எங்க பாக்க? ஓரத்துலயா?"

"ஆமா. கோட்டத் தொட்டுக்கிட்டு நிக்குதே."

"ஓரத்துல தண்ணி கண்ணாடியப் பிடிச்சு ஏறி நிக்கும் மாரி. அது பொய். நடுவுல எறங்கி இருக்கும் பாரு, அதான் மழை."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஓரத்தில் ஏறிய தண்ணீர் நடுவில் மெல்லிய குழியாகத் தாழ்ந்திருந்தது. அந்தக் குழியின் அடி பன்னிரண்டாவது கோட்டில் உட்கார்ந்திருந்தது.

மூன்றரை மாதம். தினமும் ஒரு சென்டு, இரண்டு சென்டு. எத்தனை சாயங்காலம் அவனை அவள் மன்னித்திருக்கிறாள்!

"என்ன, சத்தத்தக் காணோம்?" என்றான் சங்கையா.

"பன்னெண்டுதான்," என்றாள் மாரித்தாய். முந்தானையால் குவளையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வாங்க, ரைட்டர் காத்துக்கிட்டிருப்பாரு."