உச்சியில் ஒரு பழம்

“மனுஷனுக்கும் கரடிக்கும் நடுவுல ஒரு எல்லை இருக்கு. அது என் வீட்டுப் பின்வேலி. அதைத் தாண்டி இதுவரைக்கும் ஒரு கரடியும் வந்ததில்லை, இனிமேலும் வராது” என்றார் தொகாஷி, சுகவாராவின் தொண்டைக்குழியில் சவரக்கத்தியை வைத்தபடி.

சுகவாரா மறுக்கவில்லை. தொகாஷியின் சலூனில் யாரும் எதையும் மறுத்ததில்லை. கத்தி கழுத்தில் இருக்கும்போது கிடைக்கும் சம்மதத்தை மனப்பூர்வமான சம்மதம் என்றே அவர் எடுத்துக்கொண்டு வந்தார். தன் கருத்துகளில் ஒன்றாவது தவறாக இருக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியவர வழியே இல்லாமல் போனது அப்படித்தான்.

சுகவாரா மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு தெருவின் கீழ்க்கோடியில், பாலத்தை ஒட்டி. தொகாஷியின் வீடு மேல்கோடி, மலையடிவாரம். அந்த வருடம் மலையில் கரடிகளுக்குத் தீனியான புனா மரங்கள் கொட்டை பிடிக்கவில்லை. கரடிகள் பசியோடு இறங்குகின்றன என்று அகிதா மாகாணம் முழுக்கப் பேச்சாக இருந்தது. ஊரில் பாதிப்பேர் இடுப்பில் மணி கட்டிக்கொண்டு நடந்தார்கள். சத்தம் கேட்டால் கரடி தானாக விலகிப் போய்விடும் என்பது கணக்கு. சுகவாராவும் ஒரு பித்தளை மணி கட்டியிருந்தார். நாற்காலியை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அது கிணுகிணுத்தது.

“கழட்டுங்க அதை. கடைக்குள்ள கரடி இல்ல.”

“இருந்துட்டுப் போகட்டுமே தொகாஷி சான்.”

“நீங்க என்ன பசுமாடா? கறந்து பாக்கணுமா உங்களை?”

காத்திருந்த இருவரும் சிரித்தார்கள். சுகவாராவும், நுரை அப்பிய முகத்தில் எந்த அளவுக்கு முடியுமோ அந்த அளவுக்குச் சிரித்தார். மணியைக் கழற்றிக் கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். சவரம் முடிந்து கிளம்பும்போது அதன் பக்கம் ஒரு தரம் பார்த்தார். காத்திருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எடுக்காமலே போனார்.

அவர் போனது ஆற்றங்கரைப் பாதை. முன்பு அங்கே ஊர்ச்சங்கம் கோடையில் இரண்டு முறை புல் வெட்டும். வெட்டுகிறவர்களுக்கு முதுகு வளையாமல் போன பிறகு நாணல் ஆளுயரத்துக்கு எழுந்து, மலையிலிருந்து பாலம் வரை கூரையில்லாத வராந்தா போல நீண்டு கிடந்தது. பாலத்துக்குச் சற்று முன்னால் சுகவாராவுக்கு ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. பாலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியதால் கரடி விலகி, உயிர் தப்பியது. இடப்பக்கம் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தையல்.

செய்தி வந்த மாலையில் தொகாஷி ஒரு துண்டை எடுத்து, ஆணியில் தொங்கிய மணியின் மேல் போட்டு மூடினார். வாடிக்கையாளர்களிடம், “அவர் போனது ஆத்தங்கரை. நான் சொன்னது வேலி” என்றார். தலை குனிந்திருந்தவர்கள் தலையாட்ட முடியாத நிலையில் ஆமோதித்தார்கள்.

நகராட்சியிலிருந்து உத்தரவு வந்தது: வீட்டு மரங்களில் உள்ள, கரடியை இழுக்கிற பெர்சிமன் பழங்கள் எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும். ஊரே கொக்கிக்கழியோடு இறங்கியது. தக்காளி போலச் சிவந்த பழங்கள் கூடை கூடையாக வீட்டுக்குள் போயின. வழக்கமாகத் தோல் சீவி வாசல் இறவாணத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். இந்த வருடம் அதற்கும் தடை. தொகாஷியின் மனைவி ஃபுமியே சலூனுக்குள்ளேயே கொடி கட்டிவிட்டாள். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் தலைக்கு மேல் பழமாலைகள் வாடிச் சுருங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பழங்களைப் பறித்தாகிவிட்டதா என்று சரிபார்க்க நகராட்சியின் வனவிலங்குப் பிரிவிலிருந்து குசகாரி என்ற இளம்பெண் தொலைநோக்கியோடு வந்தாள். தொகாஷியின் கொல்லை மரத்தை அண்ணாந்து பார்த்தவள், கழுத்தை இறக்கவில்லை.

“உச்சியில ஒண்ணு விட்டிருக்கீங்க.”

“அது மரத்துக்கு. மொத்தமும் பறிச்சா அடுத்த வருஷம் மரம் கோவிச்சுக்கும். உங்க வீட்ல சொல்லித் தரலையா?”

“எங்க வீட்லயும் விடுவோம். தெரு முழுக்க எல்லாருமே ஒண்ணு விட்டிருக்கீங்க. பாலத்துல இருந்து பாத்துக்கிட்டே வரேன். ஒவ்வொரு மரத்து உச்சியிலும் ஒண்ணு. விளக்கு ஏத்தி வச்ச மாதிரி வழி காட்டுது.”

“ஒரே ஒரு பழத்துக்காகக் கரடி மரம் ஏறுமா?”

“நீங்க ஏற மாட்டீங்க. அது ஏறும். பசியில இருக்கிறது அதுதானே.”

தொகாஷி மலைப்பக்கம் கையை நீட்டினார். “அம்மா, அந்தப் பக்கம் வேலி இருக்கு. வேலிக்கு அந்தாண்ட காடு. அதோட இடம் அது.”

“எந்த வேலி?”

“அதோ” என்றார் தொகாஷி. விரல் நாணலைக் காட்டிக்கொண்டிருந்தது.

குசகாரி கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்தாள். “மேல இருந்த வயலை எல்லாம் விட்டுட்டோம். புல் வந்துச்சு. புல்லுக்குள்ள சின்ன மரம் வந்துச்சு. அதுக்குள்ள முயல், பன்னி, எல்லாம் வந்து குடியேறிடுச்சு. கரடி எங்கயும் இறங்கி வரல தொகாஷி சான். காடுதான் இறங்கி வந்திருக்கு. உங்க கொல்லை இப்ப அதோட இடத்துல இருக்கு.”

“அப்போ அது வந்து என்கிட்ட வாடகை கேக்கும்னு சொல்லுங்க.”

அவள் சிரிக்கவில்லை. பழத்தைப் பறித்துவிடச் சொல்லி, குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அன்றைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தொகாஷி இந்த உரையாடலைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவருடைய பதில்கள் இன்னும் கொஞ்சம் கூர்மையாயின. “அந்தப் பழம் அங்கேயேதான் இருக்கும். பனி விழுந்து அதுவா உதிர்ற வரைக்கும் இருக்கும்” என்று முடித்தார். ஊர் அதைக் கேட்டது, ஞாபகமும் வைத்துக்கொண்டது.

முதலில் போனது சுகவாராவின் மரத்துப் பழம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, காகம் என்றார்கள். பிறகு அரிசிக்கடைக்காரர் வீட்டில் போனது. பட்டையில் ஐந்து கோடுகள், மேலிருந்து கீழே, சீப்பு போட்டு இழுத்ததுபோல. அடுத்து தபால்காரர் வீடு. ஒரு வீட்டையும் விடாமல், கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி நோக்கி, மின்கட்டணம் வசூலிக்க வருகிறவனின் ஒழுங்கோடு அது வந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. காலையில் எழுந்து உச்சியைப் பார்ப்பார்கள், காலியாக இருக்கும். பயந்து தாமே பறிக்கப் போனவர்களுக்குக் கழி எட்டவில்லை. எட்டாத கிளையில் விடுவதுதான் வழக்கம். வேட்டைச் சங்கத்தில் மிஞ்சியிருந்த இரண்டு கிழவர்கள் தேன் வைத்து இரும்புப் பெட்டிப் பொறி ஒன்றை ஆற்றங்கரையில் வைத்தார்கள். அதில் தபால்காரரின் பூனை சிக்கியது. விடுவித்தார்கள். மறுநாளும் அதே பூனை சிக்கியது.

ஃபுமியே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். காலை உணவுக்கு முன்னால் போயாக வேண்டும். அதனால் இருட்டு விலகும்போதே கிளம்புவாள். அவளுடைய குட்டி வேன் கொல்லையில், பெர்சிமன் மரத்தடியில் நின்றது. கடைக்கு முன்னாலிருந்த இடம் வாடிக்கையாளர்களுக்கு என்று தொகாஷி கோடு போட்டு வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் நடந்துதான் வருவார்கள்.

“ஏங்க, வேனை முன்னாடி நிறுத்திக்கட்டுமா? கொஞ்ச நாளைக்கு.”

“முன்னாடி நிறுத்தினா தொகாஷி பயந்துட்டான்னு ஊரே பேசும்.”

“பயந்தா என்ன?”

“சாப்பாடு ஆறுது” என்றார் தொகாஷி.

மறுநாள் முதல் அவள் ஒரு குண்டானின் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, பின்கதவிலிருந்து வேன் வரைக்கும் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங். பிறகு வேன் கதவு அறையும் சத்தம். தொகாஷி போர்வைக்குள்ளிருந்து, “யாருக்குக் கச்சேரி?” என்று கேட்டார். வேன் கதவு அறையும் சத்தம் வரும்வரை தான் மூச்சு விடாமல் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பனி விழுவதற்கு முந்தின நாள் சுகவாரா சவரத்துக்கு வந்தார். இந்த முறை கடையில் வேறு யாரும் இல்லை. இடப்பக்கம் தையல் பிரித்த தழும்பு, பச்சைச் சதையாகப் பளபளத்தது. தொகாஷி சோப்பைக் குழைத்தார். அதிக நேரம் குழைத்தார்.

“வலப்பக்கம் மட்டும் போதும்” என்றார் சுகவாரா. “அந்தப் பக்கம் இனிமே முளைக்காதாம். பாதி நேரம் மிச்சம் உங்களுக்கு.”

தொகாஷி கத்தியை வைத்தார். வலக் கன்னத்தை மட்டும் மழித்தார். முடித்துவிட்டு, துண்டை விலக்கி ஆணியிலிருந்து மணியை எடுத்து நீட்டினார்.

“இங்கேயே இருக்கட்டும்” என்றார் சுகவாரா. “நான் இனிமே நடந்து எங்கயும் போறதா இல்ல. இப்பக்கூட மருமகன் கார்லதான் வந்தேன்.” கதவருகில் நின்று, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அது என்மேல கோவமா இருந்த மாதிரியே தெரியல தொகாஷி சான். வழியில இருந்த ஒரு கதவைத் தள்ளிட்டுப் போற மாதிரி தள்ளிட்டுப் போச்சு. அதான் தூக்கம் வரமாட்டேங்குது.”

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு நொரோ அம்மாள் கொல்லைக்கு வந்து நின்றாள். தோட்டத்தில் நாள் முழுக்க ரேடியோவைச் சத்தமாக அலறவிட்டுக் கரடியை விரட்டுகிறவள். அதில் வரும் சமையல் குறிப்புகளைக் கேட்டுக் கரடி நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கும் என்று தொகாஷி சொல்லுவதுண்டு. இப்போது ரேடியோ ஓடவில்லை.

“என்னோடதும் போயிடுச்சு” என்றாள். “மத்தியானம். நான் வீட்டுக்குள்ள இருக்கும்போதே. ரேடியோ பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

இருவரும் அண்ணாந்தார்கள். தெருவில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. இலையெல்லாம் உதிர்ந்த கிளையின் நுனியில், கடைசி வெயிலில், அது உள்ளே திரி எரிவதுபோல நின்றது.

“உங்களோடதுதான் பனி விழற வரைக்கும் இருக்குமே” என்றாள் நொரோ அம்மாள். கேலியாகச் சொன்னாளா என்று தொகாஷிக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் வானம் வெளுக்கும் முன்பே தொகாஷி எழுந்தார். ஃபுமியே இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சலூனுக்குள் போனார். தலையில் காய்ந்த பழங்கள் இடித்தன. ஆணியில் திரும்ப மாட்டியிருந்த மணியை எடுத்தார். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு பின்கதவு வரை போய், வெளியே காலை வைத்த பிறகே இடுப்பில் கட்டினார். ஒரு அடி வைத்தார். கிணுக் என்றது. இத்தனை சின்னச் சத்தமா இது என்று இருந்தது.

வேனின் மேல் சாய்ந்திருந்த ஏணியை எடுத்து மரத்தில் சாத்தினார். அதில் பாதி மரம் ஏறினார். மீதிக்கு முழங்காலாலும் நெஞ்சாலும் ஏறினார். பட்டையைப் பிடித்த உள்ளங்கையில் ஈரச் சாறு ஒட்டியது. கீறல் புதியது. இவர் தலை உயரம் வரைக்கும் வந்து நின்றிருந்தது. கரடி வந்து பார்த்துவிட்டு, பிறகு வரலாம் என்று போயிருக்கிறது.

நிறுத்தாமல் ஏறினார். கழி எட்டாத பழம் கைக்கு எட்டியது. திருகினார். உறைபனியில் அது கல் போலக் குளிர்ந்திருந்தது. சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வெளுத்துவந்த வெளிச்சத்தில், அந்த உயரத்திலிருந்து முதல்முறையாகத் தன் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

வேலியைத் தேடினார். காணவில்லை. வேன் நிற்கிற இடத்திலிருந்தே நாணல் தொடங்கியது. அது கைவிட்ட வயல்களின் படிகளை மூடி, இளம் மரங்களுக்குள் புகுந்து, மரங்கள் பெரிதாகி, அப்படியே மலையாகிப் போனது. எங்கே எது முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட ஓரிடமும் இல்லை. கொடி மூடிய ஒரு மேட்டில் துருப்பிடித்த கம்பிமுனை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வேலி அதுவாக இருக்கலாம். அது வெகுதூரத்தில், காட்டுக்கு உள்ளே இருந்தது.

காற்று இல்லை. இருந்தும் நாணலில் ஒரு கோடு அசைந்தது. தலையில் வகிடு எடுப்பதுபோல நிதானமாக, நேராக, கம்பிமுனைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கீழே சமையலறை விளக்கு எரிந்தது. ஃபுமியே எழுந்துவிட்டாள்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தார். ஊரில் எந்த விஷயத்துக்கும் சொல் பஞ்சமில்லாத வாய் அது. மூச்சு மட்டும் புகையாக வந்தது. அப்போதுதான் இடுப்பில் மணி ஒலித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. அவர் ஆட்டவில்லை, கால்கள் நடுங்கியதில் அதுவே அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் கிளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் அதைப் பிய்த்தெடுத்தார். ஆட்டினார். தோள் கழன்றுவிடும்போல ஆட்டினார்.

பின்கதவு தாழ்ப்பாள் விலகியது. விரிசல் அளவுக்குத் திறந்து, அதற்கு மேல் திறக்காமல் நின்றது. ஒரு கோடு வெளிச்சம் வேன் சக்கரம் வரை நீண்டு விழுந்தது. பிறகு அந்த விரிசலுக்குள்ளிருந்து குண்டான் மூடியின் சத்தம் கிளம்பியது. டங், டங், டங். மேலே மணி, கீழே மூடி.

நாணலில் வந்த கோடு நின்றது. திரும்பிப் போகவும் இல்லை.

பனி விழத் தொடங்கியது. தொகாஷி ஆட்டிக்கொண்டே இருந்தார்.