விரல் வைத்துவிட்டுப் பிள்ளை பெறப் போனவள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வெள்ளவத்தையில் மழை ஊற்றிக்கொண்டிருந்த நேரம், நிருஷாவுக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. பயந்துவிடாதீர்கள் பிள்ளைகளே, இந்தக் கதையில் யாருக்கும் ஒரு தீங்கும் வராது. ஆனால் நிருஷாவுக்கு அது தெரியாதே. அவளுக்கு நல்ல பயம்.

டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. தலைப்பிள்ளை, அம்மா பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால்தான், அவரைக் கூட்டிவரக் கணவன் சாரங்கன் யாழ்ப்பாணம் போயிருந்தான். ஃபோனில் கூப்பிட்டாள்.

"பஸ் இப்பதான் மாங்குளம் தாண்டுது. பயப்பிடாதையும், என்ன? பயப்பிடாதையும்," என்றான். அவனுடைய குரல்தான் நடுங்கியது.

நிருஷா ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பகுதியில் வேலை செய்பவள். ஏழு மாடிக் கட்டடம், ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். அங்கே பிரசவ அறையைத் துடைக்கப் போகும்போது, பிடிக்க ஒரு கை இல்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும் பெண்களைப் பார்த்திருக்கிறாள். தானும் அப்படிக் கிடக்கப்போகிறேனே என்று நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அந்த மருத்துவமனை வந்ததும் ஓட்டோக்காரனிடம், "பின் கேட்டடியிலை விடுங்கோ," என்றாள். ஆறு வருஷமாக முன்வாசலால் போய் அறியாதவள். காவலாளி லோகேஸ்வரன் குடையோடு ஓடிவந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு ஒனக்கு ஓஃப் இல்லியா?"

"ஓம் அண்ணை, ஒரு சின்ன அலுவல்."

வாசலில் வரவு பதிகிற மெஷின். வயிற்றில் இருந்த கை தன்பாட்டில் எழுந்துபோய் அதில் விரலை வைத்தது. மெஷின் 'பீப்' என்றது. நிருஷா அதைக் கவனிக்கக்கூட இல்லை. சாமான் ஏற்றும் லிஃப்டில் ஏறிப் பிரசவ அறைக்குப் போனாள்.

தாதி தாரிகா உடுப்பை மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நிருஷா கட்டிலைச் சுற்றிச் சுற்றி விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விடுங்கோ அதை! மூலை மடிக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லைத் தங்கச்சி, வடிவாப் போடேல்லை. அதுதான்."

அதே நேரம் நாலாம் மாடியில், துப்புரவு மேற்பார்வை பார்க்கும் ஜவாஹிறா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். வேலையாட்கள் பலர் குடியிருக்கும் கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் வெள்ளம். பாதிப் பேர் வரவில்லை. கணினித் திரையைப் பார்த்தார். வந்தவர்களின் பெயர்களுக்கு நடுவே நிருஷாவின் பெயர்!

"அல்ஹம்துலில்லாஹ்! ஓஃப் நாள்லயும் வந்தீக்கா, என்ட தங்கம்," என்று சொல்லி உடனே ஃபோன் எடுத்தார்.

"எங்க புள்ள ஈக்கிறீங்க? மூணு ரூம் காலியாகீக்கி, தொடைக்கணும். கெதியா வாங்க."

அந்த நேரம் பார்த்து நிருஷாவுக்கு நோவு பிடித்தது. "வாறன்... அக்கா... கொஞ்சம்... பொறுங்கோ..."

மேற்பார்வையாளருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், நோவிலும் அதுதான் வந்தது.

"என்ன இப்படி மூச்சு வாங்குது? படியால ஏறி வாறீங்களா? லிஃப்ட்ல வாங்க புள்ள!"

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜவாஹிறா திரும்பவும் ஃபோன் எடுத்தார். பின்னால் தாரிகாவின் குரல் கேட்டது: "மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ!" ஓ, அம்மணி பிரசவ அறையில் நர்ஸ்மாரோடு கதை அளக்கிறாவோ? ஜவாஹிறா விறுவிறென்று இறங்கிப் போய்த் திரையை விலக்கினார்.

"வேலைக்கு வந்தா வேலையப் பாக்கணும், இங்க வந்து ஒக்காந்து..." வாய் அப்படியே நின்றுவிட்டது. "யா அல்லாஹ்! இண்டைக்கா?"

"ஓம் அக்கா. குறை நினைக்காதேங்கோ. அந்த மூண்டு ரூமும்..."

"ரூம் கெடக்கட்டும்! மாப்பிள எங்க? அம்மா எங்க?"

"ரெண்டு பேரும் பஸ்ஸிலை." அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது. "நான் தனிய அக்கா. ஒருத்தரும் இல்லை."

ஜவாஹிறா தன் உதவியாளனுக்கு ஃபோன் எடுத்தார். "மெல்ரோய், நாலாம் மாடிய நீங்க பாருங்க. எனக்கு இங்க அவசர ட்யூட்டி."

"சொந்தக்காரர் ஒராளைத்தான் விடலாம்," என்றாள் தாரிகா.

"அந்த ஒராள் நான்தான். இவட அக்கா."

தாரிகா ஜவாஹிறாவின் முக்காட்டைப் பார்த்தாள், நிருஷாவின் கலைந்த பொட்டைப் பார்த்தாள். "சொந்த அக்காவோ?"

நிருஷாவுக்கு அடுத்த நோவு வந்துவிட்டது. "ஓமோம், சொந்த அக்காதான்! கையைத் தாங்கோ!"

பிறகென்ன, முக்கச் சொன்னது தாரிகா. கத்தியது இரண்டு பேரும். மத்தியானம் கழிந்து ஒரு பெண்பிள்ளை, சிவப்பாக, கோபமாக, வீறிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஜவாஹிறா சிரித்துக்கொண்டே அழுதார்.

"என்ட வெரல நொறுக்கிட்டாளே! நாளைக்கு மெஷின்ல நான் எத வைக்கிற?"

செய்தியை மெல்ரோய் மாடி மாடியாகக் கொண்டுபோனான். அதற்குப் பிறகு நிருஷாவின் அறை பட்ட பாட்டைக் கேட்கவேண்டுமா? ஒருத்தி குப்பைக் கூடையை எடுக்க வந்தாள். அதில் குப்பையே இல்லை. இன்னொருத்தி காலையில் மாற்றிய திரைச்சீலையை மாற்ற வந்தாள். எரிகிற பல்பைப் பார்க்க இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். எல்லார் கண்ணும் தொட்டிலில். "இந்த அறையை இண்டைக்கு எத்தினை தரம் கூட்டுவியள்?" என்று தாரிகா சத்தம் போட்டாள். யார் கேட்டார்கள்?

பின்னேரம் சாரங்கனும் நிருஷாவின் அம்மாவும் நனைந்துபோய் ஓடிவந்தார்கள். அறை வாசலில் சீருடைக் கூட்டம். மெல்ரோய் குறுக்கே கையை நீட்டினான்.

"லைன்ல வாங்க அண்ணே. லாண்டரிக்காரங்களும் நிக்கிறாங்க."

"தம்பி, நான் பிள்ளையின்ரை அப்பா!"

"மத்தியானத்துல இருந்து எல்லாரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித்தான் வாறாங்க, அண்ணே."

அதற்குள் அம்மா, மருமகனையும் வரிசையையும் விட்டுவிட்டு, ஏணிக்குக் கீழே குனிந்து புகுந்து மகளின் கட்டிலடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.