ஹாஜா அங்கிளின் ரத்தம்

கடல் கடந்து வந்து ஃப்ரீமான்ட்டின் மௌரி அவென்யூவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஹாஜா நஜ்முதீனுக்கு ஓ குரூப் ரத்தம். மலேரியா ஆராய்ச்சி செய்யும் ஆஸிபா, கிருமி வளர்க்க அவரிடம்தான் ரத்தம் வாங்குவாள். கறிவேப்பிலைக்குக்கூடக் கறாராக விலை வைக்கிற மனிதர், ரத்தத்தை மட்டும் சும்மா கொடுத்தார். வந்த பெருமையே லாபம்.

கட்டைவிரல் அகலக் கண்ணாடித் தகட்டில் மனித ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை ஆஸிபா வளர்த்திருந்தாள். கிருமி புகுந்த சிவப்பணு அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாங்கவும் மாட்டேன், நகரவும் மாட்டேன் என்று கல்லாவில் சாய்ந்து நிற்கிற ஆசாமி மாதிரி. சுவர் செல்கள் எரிச்சலாகி ஆள் கூப்பிடும், அழற்சி மூளும், கடைசியில் சுவரே விட்டுப்போய் ஒழுகும். அதை அடக்கும் மருந்தைத்தான் அவள் தேடினாள்; மருந்தைச் சோதிக்க முதலில் சுவர் ஒழுகியாக வேண்டும்.

இரண்டு முறையாக ஒன்றும் ஒட்டவில்லை. கிருமிகள் வளராமலே செத்தன. மாதக் கடைசிக்குள் ஒரு சுவராவது ஒழுகாவிட்டால் தகட்டை மூட்டை கட்டிவிடலாம் என்று லேப் தலைவர் சொல்லிவிட்டார்.

ரத்தம் எடுக்கும்போது மருந்து ஏதும் உண்டா என்று ஹாஜாவிடம் கேட்கத்தான் செய்தாள். சுகர் இல்லை, பிபி இல்லை என்று மார்தட்டினார்.

ஒரு மாலை பால் வாங்கப் போனபோது, கல்லாவிலிருந்த அவர் மனைவி முனவ்வரா குறைப்பட்டாள். இரண்டு வாரத்தில் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறார்களாம். மனுஷர் இப்போதே தூக்கத்தில் புலம்புகிறாராம்.

"மூணு வாரமா மலேரியா மாத்திரை போடறாரும்மா, அதுலேருந்துதான் கனவா வருது. இன்ஷூரன்ஸ்ல ஃப்ரீன்னு டாக்டர் சொன்னா, வேணாம்னு சொல்ல இவருக்கு மனசு வருமா?"

ஆஸிபா பாலைக் கீழே வைத்தாள். ஹாஜா அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"அங்கிள், மருந்தே இல்லைன்னீங்களே."

"நோய் இருந்தாதானேம்மா அது மருந்து? அதோட, சொந்த ஊருக்குப் போக மாத்திரை போட்டேன்னு தெரிஞ்சா அங்க சிரிப்பாங்க."

முனவ்வராவும் ஓ குரூப்தான். ஊருக்குப் போக மாத்திரை போடுகிற ரகமில்லை. அவள் ரத்தத்தில் கிருமிகள் கொழுத்தன. சிவப்பணுக்கள் ஒட்டின, செல்கள் கொதித்தன, ஒழுகலைக் காட்ட விட்டிருந்த சாயம் சுவரைத் தாண்டிக் கசிந்தது. ஒழுகலைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட ஆள் ஃப்ரீமான்ட்டில் வேறு இருக்க முடியாது. தகடு பிழைத்தது.

அவர்கள் ஊருக்குக் கிளம்புமுன் இருவரிடமும் செய்தி சொல்ல ஆஸிபா கடைக்கு வந்தாள்.

"என் ரத்தத்துல செத்துச்சு, இவ ரத்தத்துல கொழுத்துச்சு. எதும்மா நல்ல ரத்தம்?" என்று கேட்டார் ஹாஜா.

"வந்ததுக்குச் சோறு போட்டது எதுவோ, அது" என்றாள் முனவ்வரா, கல்லாவிலிருந்து தலை நிமிராமல்.

அன்றைக்குக் கறிவேப்பிலைக்கு ஹாஜா காசு வாங்கவில்லை.