இலக்கியா பல் விளக்கும் வீடியோ

யோசனை சிறப்பாசிரியை திலகவதியுடையது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் சொல்லிக்கொடுத்து வராததைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். இன்னொரு பிள்ளை செய்வதை வீடியோ எடுத்துத் தினமும் காட்டுங்கள் என்றார்.

கறம்பக்குடி செல்வராணியின் மகள் அன்புமொழிக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. பிரஷ்ஷை வாயருகே கொண்டுபோனாலே கத்துவாள். செல்வராணி தன் அண்ணன் மகள் இலக்கியாவைக் குழாயடியில் நிறுத்திச் செல்போனில் எடுத்தாள். இலக்கியா மேல்பல், கீழ்ப்பல் என்று நிதானமாகத் தேய்த்தாள். நடுவில் ஒருமுறை இருமினாள். வாய் கொப்பளித்துவிட்டு, "போதுமா அத்தை?" என்று கேட்டாள்.

அன்புமொழி அதைப் பதினாறு நாள் பார்த்தாள். சாப்பிடும்போதும் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள். ஆனால் பிரஷ்ஷைத் தொடவில்லை. செல்வராணிக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. பதினேழாம் நாள் காலையில் அன்புமொழி தானே குழாயடிக்குப் போய்ப் பிரஷ்ஷை எடுத்தாள். மேல்பல், கீழ்ப்பல். நடுவில் ஒரு இருமல். கொப்பளித்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"போதுமா அத்தை?"

மகள் பேசிச் செல்வராணி கேட்ட முதல் வார்த்தைகள் அவை. "போதும்" என்றாள். பிறகு அடுப்படிக்குள் போய், பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை சட்டைக்குப் பட்டன் போடும் வீடியோ. முடிவில் "போட்டுட்டேம்மா" என்று சொல்லும்படி செல்வராணி இலக்கியாவிடம் கேட்டாள். இலக்கியா தயங்கினாள்.

"நீங்க அத்தைதானே. எங்கம்மா அந்தா இருக்காங்கள்ல."

இரண்டாம் முறையும் அவளுக்கு வாய் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் தாய் ரஞ்சிதா எழுந்து வந்து, போனைப் பிடித்திருந்த செல்வராணிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"இப்ப என்னையப் பாத்துச் சொல்லு."

இலக்கியா சொன்னாள்.

இதைக் கற்றுக்கொள்ள அன்புமொழிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு திங்கட்கிழமை பள்ளி வேன் வருவதற்குச் சற்று முன்னால், அன்புமொழி ஐந்து பட்டனையும் வரிசையாகப் போட்டு முடித்து, "போட்டுட்டேம்மா" என்றாள். செல்வராணி அவளைத் தூக்கப் போனாள். அன்புமொழிக்குத் தூக்கினால் பிடிக்காது என்பது நினைவு வந்து, கையை இறக்கிக்கொண்டாள்.

மறுநாள் குழாயடியில் மறுபடியும் "போதுமா அத்தை?"தான். திலகவதியிடம் சொன்னபோது, போகப்போகச் சரியாகிவிடும், திருத்த வேண்டாம் என்றார். செல்வராணி திருத்துவதில்லை. இரண்டில் எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள்.