ஆள் இருக்கிற மாதிரி

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கையை மீறிப் போன பிறகு என்னைப் பிடித்துக் கேட்பதில் பயனில்லை.

ஊர்விட்டு ஊர் போகக் கூடாது என்று தடை போட்டிருந்த காலம். என் மனைவியின் அண்ணன் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கிறார். அவருக்குத் தொலைவில் ஓர் ஏரிக்கரையில் இன்னொரு வீடு உண்டு. வருடத்தில் சில வாரம் போய் இருந்துவிட்டு வருவார், மீதி நாள் அது பூட்டிக் கிடக்கும். ஒருநாள் கைபேசியை நீட்டிக்கொண்டே கீழே இறங்கி வந்தார். படத்தில் அந்தி நேரம். எல்லா ஜன்னலிலும் விளக்கு. கொடியில் ஈரத்துணி. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு.

"யார் மச்சான் இருக்கா அங்க?"

"யாருமில்ல, அதான் விசேஷம். திருடன் கிருடன் வந்துடுவானோன்னு பயம். வீட்டப் பாத்துக்கற அம்மாகிட்ட, ஆள் இருக்கற மாதிரி வச்சுக்கோங்கன்னு சொன்னேன். எப்படி வச்சிருக்காங்க பாரு."

நான் செருப்பைப் பார்த்தேன். ஒரு ஜோடி ஒழுங்காக இருந்தது. மற்றதில் ஒன்று குப்புறக் கிடந்தது, யாரோ அவசரமாக உதறிவிட்டு உள்ளே ஓடியதுபோல. ஆளில்லாத வீட்டில் இப்படி ஒரு செருப்பைக் கவிழ்த்துவைக்க ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் மேலே போனதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "ஏரிக்கரையில் அழகான வீடு ஒன்று இருந்தது." (தூக்கம் வருகிறது.)

தொடக்கம் இரண்டு: "காய்ந்த சட்டையை எடுத்து நனைத்து மறுபடி கொடியில் போட்டாள், ஏனென்றால்" (அந்த "ஏனென்றால்" எழுதியதும் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வரவேண்டியதுதான் முழுக்கதையும்.)

தொடக்கம் மூன்றுக்குப் பதிலாக ஒரு சிறு புலம்பல். இந்த "மாதிரி" என்ற சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகப் புழங்குகிறோம். காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. உண்டென்றும் சொல்லாமல், இல்லையென்றும் சொல்லாமல் தப்பித்துக்கொள்ள அதைவிட வசதியான சொல் கிடையாது. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. இல்லாத ஆட்களை இருக்கிற மாதிரி வைப்பதற்குத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏரிக்கரையில் ஒருத்தி அதே வேலையை என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

3

ஊரில் அவளைச் சாவியக்கா என்பார்கள். (நிஜப் பெயர் மச்சானுக்குத் தெரியவில்லை. கைபேசியில் "ஏரி வீடு" என்று பதிந்துவைத்திருக்கிறார்.) கணவன் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் பம்பு ஆபரேட்டர். ஒரே மகள், பால்பற்கள் விழத் தொடங்கிய வயது.

சொன்ன வேலையைச் சாவியக்கா அரைகுறையாகச் செய்ய மாட்டாள். பீரோவிலிருந்து முதலாளியின் சட்டையை எடுத்து நனைத்துக் கொடியில் போடுவாள், மறுநாள் மடித்துவைத்துவிட்டு வேறொன்றை நனைப்பாள். ரேடியோவை ஓடவிடுவாள். வெங்காயம் வதக்கி, வாசனை தெருவுக்குப் போனதும் அடுப்பை அணைத்துவிடுவாள். இருட்டுவதற்குள் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு நடப்பாள்.

இவள் கொஞ்சம் அசடோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அப்படியும் ஒரு பக்கம் எழுதினேன். என் மனைவி படித்துவிட்டுத் தாளை மேசைமேல் போட்டாள்.

"அவங்க அசடு இல்ல. ஒரு வேலையச் சொன்னா முழுசா செய்யறவங்க. நீங்க அப்படி யாரையும் பாத்ததில்ல, அதான் உங்களுக்குப் புரியல."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

4

அந்த ஊர்க்காரர்களைக் கெட்டவர்களாக எழுதினால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை தாண்டிப் போக வேண்டும். நகரத்தில் நோய் பரவியதும் இங்கே இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் காரை நிரப்பிக்கொண்டு ஓடிவருவார்கள் என்று பயந்தார்கள். பக்கத்து ஊர்களில் அப்படித்தான் நடந்திருந்தது. அதனால் சாலையின் குறுக்கே மரம் வெட்டிப் போட்டு, முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

அப்புறம் ஏரி வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தார்கள்.

மளிகைக்கடைக்காரர் கேட்டுக்கு வெளியே, பத்தடி தள்ளி நின்றுகொண்டு கேட்டார். "ஏம்மா, அவங்க எப்ப வந்தாங்க?"

"யாரும் வரலண்ணே. ஆள் இருக்கற மாதிரி வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"மாதிரிக்கு எதுக்கும்மா வெங்காயம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பாகப் போயிற்று. மாட்டிக்கொண்டவள் மழுப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள். வெளியூர்க்காரர்களோடு புழங்கியவள் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, அவர்கள் கிளம்பிப்போகிறவரை அந்த வீட்டிலேயே இருக்கட்டும். சாப்பாட்டுச் சாமான் கேட்டருகே வந்துவிடும். மகளை அப்பா பார்த்துக்கொள்வார்.

ஆக, அவர்கள் போனால்தான் இவள் மகளிடம் போகலாம். வராதவர்களை எப்படி அனுப்புவது?

5

உள்ளே வந்து பாருங்கள் என்றாள். யாரும் வரத் தயாராக இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்பதுதானே பயமே.

அவள் புருஷன் காவல்காரர்களிடம் சண்டை போட்டான். "எம்பொண்டாட்டி பொய் சொல்லமாட்டா." அவர்கள் அவனை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய், கைநீட்டி வீட்டைக் காட்டினார்கள். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, பம்பு அறைக்குப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டான்.

கடைசியில் மச்சானே வீடியோ காலில் வந்தார். நல்ல மனிதர், உண்மையிலேயே பதறிப்போயிருந்தார். "ஐயா, நாங்க இங்க எங்க வீட்ல இருக்கோம். அந்தம்மாவ விட்டுடுங்க." கடைக்காரர் திரையை உற்றுப் பார்த்தார். மச்சானுக்குப் பின்னால் நீல இலை போட்ட திரைச்சீலை தொங்கியது.

"இந்தத் துணி ஏரி வீட்டு ஹால்ல தொங்கறதுதானே? சிலிண்டர் கொண்டுபோறப்ப நான் பாத்திருக்கேனே."

[அடிக்குறிப்பு: திரைச்சீலை விஷயத்தில் என் கற்பனை ஏதுமில்லை. இங்கே தைத்து மிச்சமான துணியை அங்கே மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே நாற்காலி, ஒரே குவளை, ஒரே மிதியடி. எங்கே போனாலும் நம்ம வீடு மாதிரியே இருக்கணும் என்று என் மச்சானின் மனைவி சொல்வார்.]

6

இந்தப் பகுதியை எழுத எனக்குப் பயமாக இருந்தது. பகலில்தான் எழுதினேன், அதுவும் மனைவி பக்கத்து அறையில் இருக்கும்போது.

சாவியக்கா விளக்கை அணைத்துப் பார்த்தாள். ஒளிஞ்சுக்கிட்டாங்க என்றார்கள். மறுபடி போட்டாள். துணி உலர்த்துவதை நிறுத்தினாள். ஆனால் நின்றுபோனது துணி மட்டும்தான். யாரும் வதக்காமலே வெங்காயம் வதங்கும் வாசனை சமையலறையில் இருந்தது. வாசல் செருப்புகளை அவளே நிமிர்த்தி ஒழுங்காக வைத்தாள். அடுத்த தடவை கதவைத் திறந்தபோது ஒன்று குப்புறக் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. காற்றுதான் என்று எழுதினால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வேறு எதையாவது எழுதினால் அவள் அதனோடு அங்கே தனியாக இருக்க வேண்டும். நான் எழுந்து போய்விடலாம், அவளால் முடியாது.)

குளிருக்கு முதலாளியம்மாவின் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வேலைக்காக முடிந்துவைத்திருந்த கொண்டையை அவிழ்த்துவிட்டாள். சாயங்காலமானால் மாடிக்குப் போய் ஜன்னலோரம் நிற்பாள். ஏரியின் வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டு விளக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். அணையும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள்.

காலையில் மகள் போனில் பேசுவாள். சாப்பிட்டியா, தலை வாரினியா, அதே கேள்விகள். ஒருநாள் மகள் கேட்டாள்.

"அம்மா, உங்கூட இருக்காங்களே அந்த ஆன்ட்டி, அவங்க யாரு?"

"யாருமில்லடா தங்கம். அம்மா மட்டுந்தான் இருக்கேன்."

ஊரார் சொல்லிக்கொடுத்ததைக் குழந்தை கேட்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

7

முடிவு ஒன்று: தடை நீங்குகிறது, மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார், எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். (என் மச்சானுக்கு இது பிடித்திருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

முடிவு இரண்டு: பின்பக்க வேலியைத் தாண்டி ஓடுகிறாள். (குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள்? சாலையில் மரம் கிடக்கிறது.)

முடிவு மூன்றை நான் யோசிக்கவில்லை, அவளேதான் செய்தாள். ஒரு காலையில் கேட்டருகே வந்து நின்று சொன்னாள். "அண்ணே, அவங்க கிளம்பிட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும். விடியும்போதே பின்வழியா நடந்து போயிட்டாங்க."

வாழ்நாளில் அவள் சொன்ன முதல் பெரிய பொய். ஆனால் எதிரே நின்றவர்கள் முகமெல்லாம் தெளிந்துவிட்டது.

"ஆமா, நாங்க பாத்தோமே" என்றான் காவலிருந்தவன். "அந்த ஆளு கால இழுத்து இழுத்து நடந்து போனாரு."

[அடிக்குறிப்பு: கால் விஷயம் என் குறிப்புகளில் எங்குமே இல்லை. மச்சானுக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன. இதை எழுதிய வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இப்போது மேல்மாடியில் அவர் நடக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. ஒரு கால், பிறகு ஓர் இழுப்பு.]

கடைக்காரர் மட்டும் நகரவில்லை. "ரெண்டு பேரு போயாச்சு, சரி. மூணாவது ஆளு?"

"மூணாவதா?"

"தெனம் சாயங்காலம் மாடி ஜன்னல்ல வந்து நிக்குமே, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, அந்தம்மா. எங்க வீடுங்களையே பாத்துக்கிட்டு நிக்கும்."

சாவியக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "அண்ணே, அது நான்தான்."

"உன்ன எங்களுக்குத் தெரியாதாம்மா? சின்னப் புள்ளையிலேருந்து பாக்கறோம். அது நீயில்ல. அது வெளியூரு."

அவள் புருஷனைத் தேடினாள். அவன் கூட்டத்தின் ஓரத்தில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "நீயாவது சொல்லுய்யா." அவனும் கரையிலிருந்து பார்த்தவன்தான். அவனுக்கும் நிச்சயமில்லை.

8

கடைக்காரர் கல்நெஞ்சர் இல்லை. யோசித்துவிட்டு, குழந்தைமுன் குனிந்தார்.

"பாப்பா, நீதான் தெனம் உங்க வீட்டுப் படியில உக்காந்து அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்த. பொய் சொல்லாம சொல்லு. அங்க நின்னது உங்கம்மாவா? நீ ஆமான்னு சொன்னா, அம்மா இப்பவே வீட்டுக்கு வரலாம்."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா?

குழந்தை கடைக்காரரைப் பார்க்கவில்லை. கேட் கம்பிகளுக்குப் பின்னால் நின்ற அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நான் கை காட்டினேனே" என்றாள். "தெனமும் காட்டினேன். அவங்க திருப்பிக் காட்டவே இல்ல."

விளக்கு எரிகிற அறைக்குள்ளிருந்து பார்த்தால் வெளியே இருட்டுதான் தெரியும். படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையோ அதன் சின்னக் கையோ தெரியாது. இது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாவியக்காவுக்கு இப்போதுதான் தெரிகிறது. இத்தனை நாளும் தன்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்த மகளை, காணாமலே பார்த்தபடி நின்றிருக்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். குழந்தைக்கோ, இது அம்மாதான் என்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் ஜன்னலில் நின்றவளைப் பற்றித்தான்.

"சொல்லு பாப்பா. அது அம்மாவா?"

பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

ஆமா என்று ஒரு பிரதி எழுதினேன். இல்ல என்று ஒரு பிரதி எழுதினேன். முதலாவதில் அம்மா வீட்டுக்குப் போகிறாள், ஆனால் மாடி ஜன்னலில் இன்னும் ஒருத்தி நிற்கிறாளா என்று குழந்தை தினமும் படியில் உட்கார்ந்து பார்க்கிறாள். இரண்டாவதை என் மனைவியிடம் காட்டவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

குழந்தை வாயைத் திறந்துவிட்டாள். கடைக்காரர் காதைக் கொடுத்துக்கொண்டு குனிந்தே இருக்கிறார். இனிமேல் அந்த வாயில் வருகிற சொல் நீங்கள் போடுவதுதான். கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள், அவள் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.